முள்ளுக்கு உள்ளே நின்றவன்

கொண்டப்பநாயக்கன்பட்டி, சேலம்
3 ஜூன் 2025

பாலசுந்தரத்துக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. உறையில் என் கையெழுத்தைப் பார்த்து அப்படி ஏதாவது நினைத்திருந்தால் இப்போதே விட்டுவிடு. "இனி உன்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று ஐந்து வருடத்துக்கு முன்னால் ஊர் எல்லையில் நின்று சொன்னேன். அதில் மாற்றமில்லை. எனக்கு ஒரு தகவல் வேண்டும். உன்னிடம் இருக்கிறது. அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. முப்பத்து நான்கு வருடம் எக்ஸ்ரே அறையில் அடுத்தவர் எலும்பைப் பார்த்தாயிற்று. இப்போது ஒரு நாவல் எழுதுகிறேன். சிரிக்காதே. அணுகுண்டுப் போருக்குப் பிறகு நடக்கிற கதை. சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர் எல்லாம் போய்விட்டன. கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர் மிஞ்சுகிறது. நூற்றுப் பன்னிரண்டு பேர். கதிர்வீச்சைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கதிர் அளவு காட்டும் பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் அத்தனை வருடமும் வேலை பார்த்தேன். கோழியைப் பற்றித்தான் எனக்குத் தெரியாது.

அந்த ஊரில் நாற்பதாயிரம் கோழி வளர்க்கும் பண்ணை ஒன்று இருக்கிறது. ஊர்க்காரர்கள் முட்டையைச் சாப்பிடுகிறார்கள், கொஞ்சத்தைக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள், அப்படியே பெருக்கிப் பத்து வருடம் உயிரோடு இருக்கிறார்கள். ஆறு அத்தியாயம் எழுதிவிட்டேன். இது நடக்குமா? நாமக்கல் முட்டை வியாபாரியைத் தவிர வேறு யாரிடம் கேட்பது?

எழுத விருப்பமில்லை என்றால் விட்டுவிடு. போன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

சாரதாமணி


நாமக்கல்
9 ஜூன் 2025

அக்காளுக்கு,

தம்பின்னு போடாம முழுப்பேரு போட்டிருந்தயா, கோர்ட்டு நோட்டீஸுன்னு நெனச்சுத்தான் பிரிச்சேன். நானும் நீங்க போங்கன்னு எழுதலாமான்னு பார்த்தேன். கை வரல. நீன்னே எழுதறேன்.

கேட்டதுக்குப் பதில் சொல்லிப்போடறேன். நடக்காது. பத்து வருசம் இல்ல, ஒரு மாசங்கூட நடக்காது.

மொதல்ல தீவனம். நாப்பதாயிரம் கோழி ஒரு நாளைக்கு நாலு டன்னுக்கு மேல தின்னும். மக்காச்சோளம், சோயா எல்லாம் வெளியூர்ல இருந்து லாரியில வாரது. லாரி நின்னா எல்லாம் நின்னுரும். பத்து நாளு தீவனம் கையில இருந்தா அவன் பெரிய பண்ணைக்காரன். அப்புறம் தண்ணி. நம்ம பக்கம் போர்க் கெணறு தொள்ளாயிரம் அடி. கரண்டு இல்லாட்டி அது வெறும் ஓட்டை. கோடை வெயில்ல கூண்டுக்குள்ள இருக்கற கோழிக்கு அரை நாளு தண்ணி காட்டலீன்னா கொத்துக் கொத்தா சாயும்.

ரெண்டாவது, குஞ்சு. இங்கதான் நீ சேலத்துக்காரியா மாறிட்டன்னு தெரியுது. பண்ணை முட்டை பொரிக்காது அக்கா! ஷெட்டுல சேவலே கெடையாது. அத்தனையும் பெட்டை. சேவல் இல்லாம உட்ட முட்டையில உசுரு இருக்காது, நூறு நாளு அடை வெச்சாலும் கூமுட்டைதான். சரி, எங்கயோ ஒரு சேவலைப் புடிச்சு உட்டேன்னு வெய்யி. அப்பவும் ஆவாது. முட்டைக்குன்னே வளர்க்கற லேயர் கோழிக்கு அடை படுக்கத் தெரியாது. முட்டை உட்டுப்போட்டு எந்திரிச்சு நிக்கும். அது மேல உக்காந்து சூடு குடுக்கோணும்ங்கற நெனப்பையே அதுக்கிட்ட இருந்து எடுத்துட்டாங்க. நாட்டுக்கோழி ஓணும். அதும் அடைக்கு உக்காந்த நாட்டுக்கோழி.

அதனால உன்ற கதை ஊருக்காரன் புத்தியுள்ளவனா இருந்தா மொத நாளே கோழியைக் கொல்லோணும். நெசமாத்தான் சொல்றேன். கோழிக்கு ஒரு நாளுத் தீவனம் நூத்திப் பன்னண்டு பேருக்கு ரெண்டு மாசச் சாப்பாடு. பத்து நாளுத் தீவனம் குடோன்ல இருந்தா ஒன்றரை வருசம் தாண்டலாம், வண்டு உழுகாம பார்த்துக்கிட்டா. தீவனத்துல கலக்கறதுக்கு உப்பு மூட்டையும் அங்கயே இருக்கும். உன்ற கதையில உப்புக்கு என்ன பண்றாங்கன்னு நீ சொல்லவே இல்லியே. மலையில மிளகு இருக்குது, தேன் இருக்குது, பலா இருக்குது. உப்பு கெடையாது. யோசிச்சயா?

எனக்கும் ஒண்ணு தெரியோணும். அந்தக் கதிர்வீச்சு ஒருத்தர் மேல இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டுமா?

பாலு


கொண்டப்பநாயக்கன்பட்டி
14 ஜூன் 2025

பாலசுந்தரத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆறு அத்தியாயத்தில் நான்கைக் கிழித்தேன். நாமக்கல் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, ஷெட்டில் சேவல் கிடையாது என்பது இவ்வளவு நாள் தோன்றவே இல்லை. அறுபத்திரண்டு வயதில் வெட்கமாக இருந்தது. ஆனால் நாற்பதாயிரம் கோழியை முதல் நாளே கொல்ல வேண்டும் என்று எழுதினாயே, அது கதைக்குக் கிடைத்த பெரிய லாபம். யார் அதைச் சொல்வது? பண்ணைக்காரனே சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் ஊர் கேட்காது. அவனுக்குப் பெயர் வைக்கவில்லை; இப்போதைக்கு "முட்டைக்காரன்" என்று எழுதிவருகிறேன்.

உப்பு நான் யோசிக்கவில்லை. நன்றி.

நீ கேட்டதற்குப் பதில். ஒட்டாது. குண்டு வெடித்த இடத்திலிருந்து காற்றில் வரும் சாம்பல்தான் விஷம். அது உடம்பிலோ துணியிலோ படிந்திருந்தால் துணியைக் கழற்றி எறிந்துவிட்டு, தலையோடு குளித்தால் போதும். அதன் பிறகு அந்த மனுஷியை நீ கட்டிப்பிடித்தாலும் உனக்கு ஒன்றும் ஆகாது. சாம்பலின் வீரியமும் சீக்கிரம் குறையும். ஏழு மணி நேரம் போனால் பத்தில் ஒரு பங்குதான், இரண்டு நாளில் நூறில் ஒரு பங்கு. இதெல்லாம் கேட்டால் சொல்லியிருப்பேன். பொதுவாக எங்களிடம் யாரும் கேட்பதில்லை. முதலில் முள்ளை வெட்டுவார்கள், பிறகுதான் கேள்வி.

கிழித்தவற்றைப் பிறகு எழுதிக்கொள்கிறேன்; ஏழாவது அத்தியாயத்தின் முதல் பாதியை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டாவது வருடம். சேலத்திலிருந்து ஒரு பெண் நடந்தே வருகிறாள். சட்டையில் அளவுப் பட்டை குத்தியிருக்கிறாள். ஊர் எல்லையில் முள். உள்ளே முட்டைக்காரனும் மற்றவர்களும் நிற்கிறார்கள். இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. அவளை எப்படி உள்ளே கொண்டுபோவது என்று தெரியவில்லை. தொழில் பிழை ஏதாவது இருந்தால் மட்டும் சொல். கதையைப் பற்றிக் கருத்து வேண்டாம்.

சாரதாமணி


நாமக்கல்
22 ஜூன் 2025

அக்காளுக்கு,

கருத்து வேண்டாம்னுட்டு கதையை அனுப்பியிருக்க. சாப்பாட்டை எலையில போட்டுட்டு ருசி சொல்லாதன்னா எப்படி?

லோடு ஏத்தற எடத்துல உக்காந்தே படிச்சேன். ஊட்டுல இருந்து சரிதா வந்து, "ஏனுங்க, அப்படி என்ன படிக்கிறீங்க, மூணு தடவை காப்பிக்குக் கூப்பிட்டாச்சு"ன்னா. அணுகுண்டு போட்டாச்சு, இனிமே காப்பித்தூள் கெடைக்காதுன்னேன். கையில இருந்ததைப் புடுங்கிப் பார்த்தா. உன்ற கையெழுத்து அவளுக்குத் தெரியும். திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டா.

தொழில் பிழை சொல்றேன். மரவள்ளிக் கெழங்கைச் சும்மா சுட்டுத் தின்னாங்கன்னு எழுதியிருக்க. நம்ம பக்கம் ஜவ்வரிசி மில்லுக்குப் போடறது கசப்பு ரகம். அதை நறுக்கி, ஊற வெச்சு, தண்ணி மாத்தி வேக வெக்கோணும். இல்லாட்டி அணுகுண்டுல தப்பிச்சவன் கெழங்குல போயிருவான். டீசலும் ஒரு வருசத்துக்கு மேல நிக்காது, கெட்டுரும்.

அப்புறம் அந்த முள்ளு. வேலாமுள் வெட்டிப் போட்டாங்க, ரெண்டாவது வருசமும் அப்படியே கெடந்துச்சுன்னு எழுதியிருக்க. கெடக்காது. வெட்டிப் போட்ட முள்ளை ஒரு மழைக்காலத்துல கரையான் தின்னு மண்ணாக்கிப்போடும். நெலைச்சு நிக்கோணும்னா கிளுவை நட்டு உசுரு வேலியாத்தான் வளர்க்கோணும். ரெண்டாவது வருசமும் வெட்டுமுள் இருக்குதுன்னா, ஆரோ ஒருத்தர் மெனக்கெட்டுத் திரும்பத் திரும்ப வெட்டிப் போடறாங்கன்னு அர்த்தம். அதை நீ எழுதோணும்.

அவளை உள்ள கொண்டுபோறதுக்கு வழி கேட்டயில்ல. சுலபம். வெறுங்கையோட வந்தா ஆரும் உட மாட்டாங்க. அவ கையில ஒரு கூடை குடு. கூடைக்குள்ள அடை கோழி. நாட்டுக்கோழி, கீழ பத்துப் பன்னண்டு முட்டை. உள்ள இருக்கறவங்க ரெண்டு வருசமா குஞ்சு சத்தமே கேக்கல. அதைப் பார்த்த ஒடனே முள்ளை இழுத்துப்போட்டு வழி உடுவாங்க. அவளுக்கு எடம், இவங்களுக்குக் கோழி. ரெண்டு பக்கமும் ஞாயம். நானா இருந்தா அப்படித்தான் முடிப்பேன்.

இன்னொண்ணு கேக்கறேன். அந்த முட்டைக்காரன் வெள்ளைச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல மடிச்சிருக்கான், பேசறப்ப காதைச் சொறியறான். நாந்தானா அது?

பாலு


கொண்டப்பநாயக்கன்பட்டி
29 ஜூன் 2025

பாலசுந்தரத்துக்கு,

ஆமாம், நீதான்.

கோழிக் கூடை வேண்டாம். கோழிக்காக முள்ளை எடுத்தால் கோழிதான் உள்ளே போகும். அவள் கோழிக்கு ஒட்டிக்கொண்டு வந்தவளாக இருப்பாள். நீ வியாபாரி, உனக்கு அது நியாயமாகப் படும். எனக்குப் படவில்லை. நான் அன்றைக்கு வெறுங்கையோடுதான் வந்தேன்.

நீ மறந்திருக்கலாம். எழுதுகிறவளுக்கு வரிசை முக்கியம் என்பதால் சொல்கிறேன். 2020 மே மாதம் பதினொன்றாம் தேதி. காலை ஏழு மணிக்கு சரிதா போன் செய்து, "அத்தை போயிட்டாங்க" என்று அழுதாள். நம் அம்மா செல்லாயி கொரோனாவில் சாகவில்லை. எண்பத்தொரு வயது, தூக்கத்தில் போனாள். நான் ஆஸ்பத்திரியில் அனுமதிச் சீட்டு வாங்கி, மருந்து கொண்டுபோகும் வேனில் மெயின் ரோடு வரை வந்தேன். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் நடந்தேன். கைக்குட்டை முனையில் வாய்க்கரிசிக்கு ஒரு பிடி அரிசி முடிந்திருந்தேன்; அது ஒன்றுதான் நான் கொண்டுவந்தது.

ஊர் எல்லையில் முள். ஏழெட்டுப் பேர் நின்றீர்கள். ஊருக்குப் பெரியவர் மணியண்ணன்தான் பேசினார். "ஆஸ்பத்திரியில இருந்து வாரீங்க, ஊருக்குள்ள உட முடியாதுங்க சாமி." முகக்கவசம் போட்டிருக்கிறேன், பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். நீ பின்னால் நின்று காதைச் சொறிந்துகொண்டிருந்தாய். அந்த நேரத்தில் உன் முட்டை லாரி உள்ளிருந்து வந்தது. நான்கு பேர் சேர்ந்து கவைக்குச்சியால் முள்ளை இழுத்து வழி விட்டார்கள். லாரி என்னை ஒட்டிப் போனது. ஓட்டிய முருகானந்தம் முந்தின வாரம் சென்னை போய்விட்டு வந்தவன். லாரி போனதும் முள்ளை மறுபடி இழுத்துப் போட்டார்கள்.

நான் வெளியே நின்றவள். வெளியே நிற்பவள் என்ன நினைப்பாள் என்பதை நூறு பக்கம் எழுதுவேன். உள்ளே நின்றவன் என்ன நினைத்தான் என்பது எனக்குத் தெரியவில்லை. ஐந்து வருடமாக யோசித்தும் தெரியவில்லை. கோபத்தில் கேட்கவில்லை, கோபமும் இருக்கிறது, அது வேறு. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் என் அத்தியாயம் ஒரு வரி நகராது. நீ என்ன நினைத்தாய்?

சாரதாமணி


நாமக்கல்
5 ஜூலை 2025

அக்காளுக்கு,

அதெல்லாம் முடிஞ்சு போனது. அந்தச் சமயத்துல எல்லா ஊர்லயும் முள்ளு வெட்டித்தான் போட்டாங்க. நான் ஒருத்தன் என்ன பண்றது? கதைக்கு ஓணும்னா நீயா ஏதாச்சும் எழுதிக்க. கதையின்னா கற்பனைதான?

ஆடி பொறக்கப் போவுது, வேலை அதிகம். இனி எழுத நேரம் இருக்காது. கதைப் பேப்பரைத் திருப்பி அனுப்பியிருக்கேன்.

பாலசுந்தரம்


நாமக்கல்
20 ஜூலை 2025

அக்கா,

உன்கிட்ட இருந்து பதில் வரல. வராதுன்னு தெரியும். பதினஞ்சு நாளா ஒரு வேலையும் ஓடல. லோடு ஏத்தறப்ப டிரேயை எண்ணிக்கிட்டே இருப்பேன், நடுவுல மறந்துரும். சரிதா சொல்லிப்போட்டா: "எழுதிப்போடுங்க. வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு என்னத்தைச் சம்பாதிக்கப் போறீங்க?"

உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்குது. ஊரு உன்னைத் தடுத்துச்சு, நான் வாயத் தொறக்காம நின்னேன்னு நீ நெனச்சுக்கிட்டு இருக்க. அப்படி இல்ல.

அம்மா போன சேதி தெரிஞ்ச ஒடனே மணியண்ணன் ஊட்டுக்கு வந்தாரு. நல்ல மனுசன், ஏமாத்துப் பேச்சு தெரியாது. வாசல்ல நின்னே சொன்னாரு: "பாலு, அக்கா வாராங்கன்னா வரட்டும், அது உங்க ஊட்டு எழவு. ஆனா ஆஸ்பத்திரியில இருந்து ஆளு உள்ள வந்தாச்சுன்னா ஊரை முழுசா மூடிருவோம். அப்புறம் உன்ற லாரி வெளிய போவவும் முடியாது, உள்ள வரவும் முடியாது, பதினாலு நாளைக்கு. லாரி ஓடோணும்னா அக்கா வரக் கூடாது. ரெண்டுல ஒண்ணு நீயே சொல்லிப்போடு. நீ என்ன சொல்றயோ அதுக்கு நாங்க கட்டுப்படறோம்."

ஒரு டீ குடிக்கிற நேரங்கூட நான் யோசிக்கல அக்கா. லாரி முட்டையை எறக்கிப்போட்டு வரும்போது தீவனம் ஏத்திக்கிட்டு வரும். பதினாலு நாளு நின்னா ஷெட்டுல ஒரு கோழி மிஞ்சாது. உனக்கு எழுதினனே, அதே ஞாயந்தான். தீவனம், தண்ணி, நாளு. எல்லாம் சரியா வந்துச்சு. லாரி போவட்டும்னு சொன்னேன்.

மணியண்ணன் சொல்லல. ஊரு சொல்லல. நாஞ்சொன்னேன். முள்ளுகிட்ட அவரு பேசினதுகூட, "நீ பேச வேண்டாம் பாலு, உனக்குச் சங்கடம்"னு என்ற மேல எரக்கப்பட்டுப் பேசினதுதான். அப்புறம் கேட்டவங்ககிட்ட எல்லாம் அக்காளுக்குப் பாஸ் கெடைக்கலீன்னு சொல்லிக்கிட்டேன். இன்னைக்கு வரைக்கும் நம்ம சொந்தத்துல பாதிப்பேரு அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்காங்க.

நீ கேட்டது அது இல்ல. உள்ள நின்னவன் என்ன நெனச்சான்னு கேட்ட. பெருசா ஏதோ நெனச்சிருப்பேன்னு நீ எதிர்பார்த்தா ஏமாந்து போவ. உன்ற செருப்பைப் பார்த்தேன். எடது கால் செருப்பு வாரு அறுந்து போயி ஊக்கு போட்டிருந்த. மெயின் ரோடு மூணு கிலோமீட்டர். மே மாசத் தாரு. இந்த ஊக்கு அங்க வரைக்கும் தாங்குமா, நடுவுல புட்டுக்குமான்னுதான் நெனச்சேன். நீ கத்தினது, ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு சொன்னது எல்லாம் காதுல உழுந்துச்சு. நெனப்பு பூரா அந்த ஊக்குல. நீ திரும்பி நடந்த பொறவு ஒரு ஜோடிச் செருப்பைக் குடுத்து ஆரையாச்சும் பின்னால அனுப்பலாம்னு நெனச்சேன். அனுப்பல. அனுப்பினா நாந்தான் தடுத்தேன்னு உனக்குத் தெரிஞ்சுருமோன்னு ஒரு பயம். செருப்புக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காத. அப்படித்தான் புத்தி போச்சு.

மன்னிச்சிருன்னு எழுதலாம். எழுதினா அதுக்கு நீ ஒரு பதில் சொல்லோணும், அது உனக்கு வேலை. அதனால எழுதல.

கதைக்கு இது ஆகுமான்னு தெரியல. முட்டைக்காரன் நல்லவனா வர மாட்டான். பரவால்ல. நெசம் இதுதான்.

பாலு


கொண்டப்பநாயக்கன்பட்டி
3 ஆகஸ்ட் 2025

பாலுவுக்கு,

உன் கடிதத்தை முதல் தடவை படித்தபோது பாதியில் மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன். மூன்று நாள் கழித்து மீதியைப் படித்தேன். வேறு யாராவது சொல்லித் தெரிந்திருந்தால் உன்னை இந்த ஜென்மத்தில் பார்த்திருக்க மாட்டேன். நீயே சொன்னதால் என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை. நீ யோசித்த ஊக்குக்கு நடந்தது இது.

செருப்பு தாங்கவில்லை. புளியமரத்துத் திருப்பத்தில் ஊக்கு விட்டுப் போனது. கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

அத்தியாயம் முடிந்தது. கோழிக் கூடை இல்லை. அந்தப் பெண்ணை நான் உள்ளே கொண்டுபோகவும் இல்லை. இத்தனை நாள் அதைத்தான் செய்யப் பார்த்தேன். அதனால்தான் கதை நகரவில்லை. அவள் முள்ளுக்கு வெளியே புளியமரத்தடியில் கல் கூட்டிக் கஞ்சி காய்ச்சுகிறாள். தினமும் காலையில் உள்ளே இருப்பவர்கள் பார்க்கிறார்கள். முள் இற்றுப்போகிறது, புது முள் வெட்டிப் போடுகிறார்கள். நீ சொன்ன அந்த இடத்தை அப்படியே எழுதிவிட்டேன். பன்னிரண்டாம் நாள் முட்டைக்காரன் வெளியே வருகிறான். வெளியே போனவரைத் திரும்ப உள்ளே விடுவதில்லை என்று சட்டம் போட்டதே அவன்தான். தெரிந்துதான் வருகிறான். கையில் ஒன்றும் இல்லை. அவள் செருப்பைப் பார்க்கிறான். அத்தியாயம் அங்கே முடிகிறது. அவள் அவனிடம் பேசினாளா இல்லையா என்று எழுதவில்லை. எனக்கே தெரியாது.

இனி தகவல் எதுவும் தேவைப்படாது. உதவிக்கு நன்றி.

சாரதாமணி


கூடையில் செருகியிருந்த லாரிச் சீட்டின் பின்பக்கம்
10 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

அக்கா,

கேட்டு பூட்டியிருக்குது. உள்ள ஃபேன் ஓடற சத்தம் கேக்குது. கூப்பிடல. கூப்பிட்டா நீ வாயத் தொறக்கோணும், பேச மாட்டேன்னு நீ சொன்னது எனக்கு நெனப்பு இருக்குது.

கூடையில இருக்கறது கண்ணாத்தாள் ஊட்டுக் கோழி. நம்மூரு மேக்கால தனி ஊட்டுல இருக்குதே, அந்தக் கண்ணாத்தாள். "எதுக்குடா உனக்கு ஒத்தைக் கோழி, நீதான் லட்சக்கணக்குல வெச்சிருக்கயே"ன்னு சிரிச்சுது. நேத்துத்தான் அடைக்கு உக்காந்துச்சு. இது வியாபாரம் இல்ல. உன்ற ஊட்டுக்கு முன்னால முள்ளும் இல்ல, உட்டாத்தான் குடுப்பேன்னு நான் சொல்லவும் இல்ல. வெறும் கோழி.

முட்டை பதினொண்ணு. ஒம்பது நாட்டு முட்டை. வெள்ளையா இருக்கற ரெண்டு என்ற ஷெட்டு முட்டை. பொரிக்காதுன்னு நான் சொன்னதை நீ நம்பினயோ என்னமோ, கண்ணால பார்த்துக்க. இன்னைக்கு இருந்து இருபத்தியொரு நாளு. கம்பும் தண்ணியும் பக்கத்துலயே வெய்யி, தூரமா எந்திரிச்சுப் போவ உடாத. பூனை பத்திரம்.

லாரியில வரல. பஸ்ஸுலதான் வந்தேன்.

பாலு


கொண்டப்பநாயக்கன்பட்டி
18 ஆகஸ்ட் 2025

தம்பிக்கு,

கோழி நன்றாக இருக்கிறது. குளியலறைக்குப் பக்கத்தில் பழைய சாக்கு விரித்து வைத்திருக்கிறேன். என்னைக் கண்டால் உடம்பைப் பலூன் மாதிரி ஊதிக்கொண்டு கொத்த வருகிறது. உனக்கு ஏற்ற கோழி.

நேற்று ஏழாம் நாள். ஜன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கி ஒவ்வொரு முட்டையாக டார்ச் லைட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். முப்பத்து நான்கு வருடம் உள்ளே இருப்பதைப் பார்ப்பதுதானே என் தொழில்! ஒன்பதிலும் சிவப்பாக நரம்பு ஓடுகிறது, நடுவில் ஒரு புள்ளி துடிக்கிறது. எத்தனையோ படம் எடுத்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு அனிதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்; அவள் அவள் வீட்டு ஆட்களை எல்லாம் கூட்டிவந்துவிட்டாள். உன் வெள்ளை முட்டை இரண்டும் நிலா மாதிரி வெறுமையாக இருக்கின்றன. நீ சொன்னது சரி. இருந்தாலும் எடுத்துவிடவில்லை, அதுவும் கிடக்கட்டும் என்று கோழிக்கு அடியிலேயே வைத்துவிட்டேன். அது வித்தியாசம் பார்க்காமல்தான் உட்காருகிறது.

நீ அன்றைக்கு வந்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். உனக்குத் தெரியும். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். இருபத்தைந்து நிமிடம் நீ கேட்டுக்கு வெளியே நின்றாய். கூடையை வெயில் தொட்டதும் நகர்த்தி வைத்தாய். மறுபடி வெயில், மறுபடி நகர்த்தினாய். காதைச் சொறிந்தாய். கேட்டுச் சாவி என் கையில் இருந்தது. படி இறங்கினால் பத்து அடி. நான் இறங்கவில்லை.

உள்ளே நின்றவன் என்ன நினைத்தான் என்று உன்னை அப்படிக் குடைந்து கேட்டேனே. இப்போது எனக்கே தெரிந்துவிட்டது. ஐந்து வருடத்துக் கோபம், அம்மா, வாய்க்கரிசி எதுவும் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. கூடையைத் தரையில் வைத்திருக்கிறானே, கேட்டுக்குப் பக்கத்தில் சிவப்பெறும்புப் புற்று இருக்கிறதே, கோழிக்கு ஏறிவிடுமே என்று அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ தெருமுனை திரும்புகிற வரைக்கும் எறும்பைப் பற்றித்தான் நினைத்தேன். அதன் பிறகுதான் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தேன்.

அத்தியாயத்தை மறுபடி எழுதுகிறேன். முட்டைக்காரனை இன்னும் கொஞ்சம் தெரிந்துவிட்டது. வெட்டிப் போட்ட முள் ஒரு வருடத்துக்கு மேல் தாங்காது என்று எழுதியிருந்தாய். இந்தப் பக்கத்தில் இருந்து அதைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது யார் என்றும் யோசித்தேன். அதை மட்டும் நாவலில் எழுத மாட்டேன்.

இருபத்தோராம் நாள் முப்பத்தொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. குஞ்சு ஓட்டைக் கொத்த ஆரம்பித்தால் நாம் உதவலாமா, கூடாதா? ஈரம் காயும் முன்னால் எடுக்கலாமா? முதல் நாள் தீனி என்ன? எனக்கு ஒன்றும் தெரியாது. இதையெல்லாம் எழுதிக் கேட்டுப் பதில் வருவதற்குள் அதுகள் பொரித்துவிடும். சனிக்கிழமையே சரிதாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. கேட்டுக்குப் பூட்டுப் போடவில்லை. தாழ்ப்பாள் மட்டும் கொஞ்சம் இறுக்கம், கொஞ்சம் தூக்கித் தள்ளினால் திறக்கும்.

அதற்கும் திறக்காவிட்டால் வெளியே நின்று கூப்பிடு. பதில் சொல்கிறேன்.

அக்கா